பொதுச்சுவருக்கு யார் பாலிசி எடுப்பது?

பள்ளத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அடுக்குமாடி வீட்டுக்குக் காப்பீடு எடுப்பது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நாலு மாடிக் கட்டடத்தைத் தேடினாலும் எளிதில் அகப்படாத பள்ளத்தூரில் இந்தப் பேச்சு எதற்கு என்று யாராவது நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே இருப்பவர்களில் பலருக்குச் சொத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. ஊரில் ஐயா காலத்துப் பெரிய வீட்டில் ஒரு பங்கு. சென்னையில் மகனோ மகளோ தவணை கட்டி வாங்கிய ஒரு ஃபிளாட். இரண்டுக்கும் வயதில் நூறு வருஷம் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் காப்பீடு என்று வரும்போது இரண்டும் ஒரே சிக்கலில்தான் மாட்டுகின்றன.

நம் வீட்டின் அமைப்பை ஒரு முறை மனதில் கொண்டுவாருங்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வளவைச் சுற்றி அறைகள். பிள்ளைக்குக் கல்யாணமானதும் அவன் ஒரு புள்ளி. அவனுக்கென்று அறை ஒதுக்கிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சீர்வரிசைச் சாமான் எல்லாம் அந்த அறைக்குள். ஆனால் அறைக்கு மேலே போகிற கூரை பொது. முற்றம், கிணறு, திண்ணை, பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு எல்லாம் பொது. ஃபிளாட்டிலும் கதவுக்கு உள்ளே நம்முடையது; படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி, அடித்தளம், தூண் இவை எல்லோருக்கும் சேர்ந்தவை. நிலத்தில் நமக்கு இருப்பது பிரிபடாத பாகம். பத்திரத்தில் சதுரஅடி போட்டிருப்பார்கள். அது எந்த மூலை என்று யாராலும் காட்ட முடியாது.

வளவு வீட்டில் பிறந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிது இல்லை. காப்பீடும் நமக்குப் புதிது இல்லை. பக்கத்திலே கானாடுகாத்தானைச் சேர்ந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு யுனைடெட் இந்தியா தீ மற்றும் பொதுக் காப்பீட்டுக் கம்பெனி வந்தது. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் என்று நாம் சொல்கிற அந்த உயரக் கட்டடத்தையும் தம் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக ஆரம்பித்தவர் அவர்தான். 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டபோது அது எல்.ஐ.சி.யின் கட்டடம். 1975-இல் அதே கட்டடம் தீப்பற்றியது. பொதுக் காப்பீடும் 1973-இல் அரசுடைமையாகி, 107 கம்பெனிகள் நாலு கம்பெனிகளுக்குள் அடங்கின. அதில் ஒன்று இன்றும் யுனைடெட் இந்தியா என்ற பெயரோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது. நம் ஊர் முருகப்பா குடும்பத்தார் 2001-இல் ஜப்பானிய நிறுவனத்தோடு சேர்ந்து பொதுக் காப்பீட்டுத் தொழிலில் இறங்கினார்கள். எந்தக் கம்பெனிக்கும் சிபாரிசு செய்ய நான் வரவில்லை. கடல் கடந்து வட்டிக்கடை நடத்தி, ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பழகிய சமூகம் இது. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தாங்கள் குடியிருக்கும் வீட்டின் பாலிசியை ஒரு தடவைகூடப் பிரித்துப் படிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில், எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்ற கேள்வி. இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது.

சென்னையில் 1,000 சதுரஅடி கார்ப்பெட் ஏரியா உள்ள ஒரு ஃபிளாட்டை 1 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். உடனே 1 கோடியே 20 லட்சத்துக்குப் பாலிசி எடுக்கத் தோன்றும். அது தேவையில்லை. அந்த விலையில் பெரும்பகுதி மண்ணுக்குக் கொடுத்தது. தீயோ வெள்ளமோ மண்ணைக் கொண்டுபோவதில்லை. காப்பீட்டுக்கு வேண்டிய கணக்கு எளிது: கார்ப்பெட் ஏரியா எத்தனை சதுரஅடி, இன்று அதே கட்டடத்தை மறுபடி கட்டச் சதுரஅடிக்கு எவ்வளவு ஆகும், இரண்டையும் பெருக்க வேண்டும். சதுரஅடிக்கு 2,500 ரூபாய் என்று கொண்டால் 25 லட்சம். அவ்வளவுதான் கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை. கைடுலைன் மதிப்பு, சந்தை விலை, பத்திரத்தில் எழுதிய விலை எதுவும் இதில் சேராது.

இந்தக் கணக்கை நான் சொந்தமாகச் சொல்லவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நாட்டில் உள்ள பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் வீட்டுக்கு ஒரே மாதிரியான ஒரு பாலிசியைக் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். பிரீமியம் மட்டும் வேறுபடும். தீ, இடி மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலம் உள்வாங்குதல், வண்டி வந்து மோதுதல், கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிதல், இவ்வளவும் அதற்குள் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமானுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, கேட்காமலே சேர்ந்துவிடும். நான் சொன்ன 25 லட்சத்து ஃபிளாட்டுக்கு 5 லட்சம். சாமான் அதைவிட அதிகம் என்றால் பட்டியல் கொடுத்துக் கூடுதலாக எடுக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகக் கூடிக்கொண்டு போகும். இடிபாட்டை அகற்றும் செலவுக்கும் பொறியாளர் கட்டணத்துக்கும் உள்ளேயே இடம் உண்டு. சேதத்தால் வீட்டில் இருக்க முடியாமல் வெளியே குடிபோனால் அந்த வாடகையும், வாடகைக்கு விட்ட ஃபிளாட் என்றால் நின்றுபோன வாடகையும் கேட்கலாம்.

இதில் இன்னொரு நல்ல மாற்றம் வந்தது. பழைய தீ பாலிசியில் ஒரு விதி இருந்தது. 20 லட்சம் பெறுமான வீட்டுக்கு 10 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தவருக்கு 4 லட்சம் சேதம் என்றால், பாதிக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறாய் என்று சொல்லி 2 லட்சம் மட்டும் கொடுப்பார்கள். அந்த வெட்டு இந்தப் புதிய பாலிசியில் கிடையாது. காப்பீட்டுத் தொகைக்கு உட்பட்ட சேதம் முழுதும் கிடைக்கும். ஆனால் கார்ப்பெட் ஏரியாவைக் குறைத்து எழுதிவிட்டு இந்தச் சலுகையை நம்பக் கூடாது. பத்திரத்தில் இருக்கும் அளவையே எழுதுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயம். பொதுவில் உள்ளதை யார் காப்பது?

24 ஃபிளாட் உள்ள ஒரு கட்டடம். மூன்றாம் மாடிக்காரர் பொறுப்பானவர். தம் ஃபிளாட்டுக்கு முறையாகப் பாலிசி எடுத்து வருஷம் தவறாமல் புதுப்பிக்கிறார். மற்றவர்கள் எடுக்கவில்லை. வீட்டுக்காரர்களின் அசோசியேஷனும் எடுக்கவில்லை. பெரிய தீயோ நிலநடுக்கமோ வந்து கட்டடமே இருக்க முடியாதபடி ஆகிவிட்டது. மூன்றாம் மாடிக்காரருக்குப் பணம் வரும். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அவர் எங்கே கட்டுவார்? முதல் மாடியும் இரண்டாம் மாடியும் எழும்பாமல் மூன்றாம் மாடி எழும்புமா? அஸ்திவாரத்துக்கு யார் பணம் கொடுப்பது? தனித்தனியாக 24 பேரும் எடுத்திருந்தாலும்கூட, படிக்கட்டும் லிஃப்ட்டும் மோட்டார் அறையும் சுற்றுச்சுவரும் யார் கணக்கிலும் முழுசாக வராமல் நடுவில் விட்டுப்போகும்.

ஆகையால் கட்டடம் முழுமைக்கும், பொதுப் பகுதிகளையும் சேர்த்து, அசோசியேஷன் பெயரில் ஒரே பாலிசி எடுப்பதுதான் சரி. எல்லா ஃபிளாட்டுகளின் கட்டுமானச் செலவையும் கூட்டி, பொதுப் பகுதிகளின் செலவையும் சேர்த்து ஒரே தொகை போட வேண்டும். பிரீமியத்தை மெயின்டனன்ஸோடு பிரித்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒவ்வொருவரும் தத்தம் கதவுக்கு உள்ளே இருப்பதற்குத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். மரவேலை, மாடுலர் கிச்சன், ஏசி, துணிமணி, நகை இவற்றை அசோசியேஷன் பாலிசி தொடாது. லிஃப்டில் யாருக்காவது அடிபட்டாலோ, மதில் சரிந்து தெருவில் நிற்கும் வண்டி நசுங்கினாலோ வரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புக் காப்பீடு என்று வேறாக உண்டு. அதையும் அசோசியேஷன் எடுத்து வைப்பது நல்லது. அடிப்படை வீட்டுப் பாலிசியில் அது வராது.

சிங்கப்பூரில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய நடைமுறை. அங்கே காண்டோ கட்டடத்துக்கு நிர்வாகக் குழு தீக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அதுவும் மறுபடி கட்டும் செலவுக்கு. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அரசு வீட்டு வாரியத்தில் கடன் வாங்கி வீடு வாங்கியவர்களும் தீக் காப்பீடு இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த வாரியக் காப்பீடு முதலில் கட்டிக்கொடுத்த சுவருக்கும் பொருத்துகளுக்கும் மட்டுமே. நாம் பிறகு செய்த அலங்கார வேலைக்கும் சாமானுக்கும் தனியாகத்தான் எடுக்க வேண்டும். அங்கே சட்டம் வற்புறுத்துவதை இங்கே நாமாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் போய், 2022-இல் இயற்றிய புதுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அசோசியேஷன் என்பது இனி பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துகிற குழு மட்டும் அல்ல. பொதுப் பகுதிகளுக்குப் பொறுப்பேற்கும் சட்டப்படியான அமைப்பு. துணைவிதிகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும் கட்டடங்கள் நிறைய. உங்கள் பிள்ளைகள் இருக்கும் கட்டடத்திலும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கலாம். கட்டடக் காப்பீடு எடுப்பதும் புதுப்பிப்பதும் நிர்வாகக் குழுவின் கடமை என்று அந்தத் துணைவிதியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

எதற்கெல்லாம் பணம் வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் 24 வீடுகள் கொண்ட கட்டடம் அப்படியே சரிந்தது. விரிசலைக் கவனித்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்காவில் மயாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைட் என்ற இடத்தில் 12 மாடிக் காண்டோ நள்ளிரவு தாண்டி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கான்கிரீட் கெட்டுவருகிறது என்று 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்பதிலேயே காலம் கழிந்தது. மட்டமான கட்டுமானத்தாலும், பராமரிப்பு இல்லாமல் கம்பி துருப்பிடித்ததாலும் கட்டடம் விழுந்தால், வீட்டுப் பாலிசியை நம்பி உட்கார முடியாது. நிலம் உள்வாங்கியதால் வந்த சேதம் பாலிசிக்குள் இருக்கிறது. வடிவமைப்புக் குறையாலும் தரம் கெட்ட பொருளாலும் வந்தது வெளியே நிற்கிறது. புதிய ஃபிளாட்டில் கட்டுமானக் குறை தெரிந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுநரையே சரிசெய்யச் சொல்லும் உரிமையை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்த வழியில்தான் போக வேண்டும். 5 ஆண்டு முடிவதற்குள் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து முழுக் கட்டடத்தையும் பார்த்துவிடுவது அசோசியேஷனுக்குச் செலவாகத் தெரியலாம். செய்தே தீர வேண்டிய செலவு அது.

மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்வது ஃபிளாட்டுகளில் தீராத சண்டை. குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டியது என்றால் பாலிசி ஏற்கும். மாதக்கணக்கில் கசிந்து பூசணம் பிடித்தது என்றால் ஏற்காது. கசிவைக் கண்ட அன்றே எழுத்தில் தெரிவித்துச் சரிசெய்துகொள்வதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

இனி நம் ஊர் வீட்டுக்கு வருகிறேன். செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். உலகம் வந்து பார்க்க வேண்டிய கட்டடம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த வீடுகளில் எத்தனைக்குப் பாலிசி இருக்கிறது என்று நீங்களே உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

இங்கே சேதம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கூரையில் ஒரு நாட்டு ஓடு விலகுகிறது. அணிலோ குரங்கோ தள்ளியிருக்கும். ஐப்பசி அடைமழையில் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கைமரத்தில் ஊறுகிறது. வீடு பூட்டியிருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. வெயிலில் காய்ந்து, அடுத்த மழையில் மறுபடி ஊறி, மூன்று நாலு வருஷத்தில் கைமரம் உளுத்துவிடுகிறது. பிறகு ஒரு கார்த்திகைப் புயலில் அந்தப் பத்தி கூரை அப்படியே வளவுக்குள் உட்காருகிறது. புயலால் சேதம் என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கிறார். கம்பெனி அனுப்பும் சர்வேயர் வருகிறார். அவர் முதலில் பார்ப்பது முறிந்த மரத்தின் நுனியை. காற்றில் முறிந்த நல்ல தேக்கு நார் நாராகப் பிளந்து, உள்ளே தேன் நிறத்தில் தெரியும். உளுத்த மரம் கறுத்திருக்கும். விரலால் அழுத்தினால் பொடியும். கீழே சுவரில் பார்ப்பார். பழைய கசிவு இருந்தால், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய அந்த வழுவழுப்பான பூச்சின் மேல் பழுப்பு நிறத்தில் வரிவரியாக நீர்த்தடம் இருக்கும். ஒரு நாள் புயல் அந்தத் தடத்தை உண்டாக்காது. காலப்போக்கில் வந்த தேய்மானம் என்று அவர் ஒரு வரி எழுதினால் க்ளெய்ம் அதோடு நின்றது. அவர் எழுதுவதில் தவறும் இல்லை. கரையானுக்கும் ஈரத்துக்கும் தேய்மானத்துக்கும் எந்த வீட்டுப் பாலிசியும் பொறுப்பேற்பதில்லை.

இதே வீட்டில் வருஷா வருஷம் ஓடு பிரித்து அடுக்கியிருந்தால், அந்தக் கொத்தனார் கூலி ரசீதும், தேதியோடு எடுத்த நாலு புகைப்படமும் இருந்தால், கதை வேறு மாதிரிப் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தை என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காற்றுக்கு நல்ல கூரையும் தாங்காமல் போகலாம். நல்ல கூரைதான் போனது என்று நிரூபிக்கும் காகிதம் நம்மிடம் இருக்க வேண்டும்.

பூட்டிய வீடு என்பது தனிச் சிக்கல். பழைய தீ பாலிசியில் 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தால் கம்பெனியின் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இன்று நீங்கள் வாங்கும் பாலிசியில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, வீடு வருஷத்தில் பெரும்பாலும் பூட்டியிருக்கும், காவலாள் உண்டு அல்லது இல்லை என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாக ஏஜெண்ட் சொன்ன சமாதானம் க்ளெய்ம் நேரத்தில் நிற்காது.

திருட்டைப் பற்றிப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுப் பாலிசி என்றால் திருட்டும் அடங்கும் என்று எண்ணம். பாரத் கிருஹ ரக்ஷாவில் திருட்டு வருவது ஒரே ஒரு நிலையில்: புயல், தீ போன்ற ஒன்று நடந்து, அதன் காரணமாக, 7 நாளுக்குள் திருடு போயிருந்தால் மட்டும். பூட்டை உடைத்து நிலைக்கதவையும் தூணையும் பித்தளைச் சாமானையும் கொண்டுபோனால் இந்தப் பாலிசி ஒரு ரூபாயும் தராது. அதற்குக் கொள்ளைக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். செதுக்குக் கதவுகளுக்கும் தேக்குத் தூண்களுக்கும் என்ன விலை என்று காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவில் நடந்தால் தெரியும். அந்த விலைதான் திருடனையும் இழுக்கிறது.

கலைப்பொருளுக்கும் நகைக்கும் வெள்ளிக்கும் ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பீடு எடுக்க அதே பாலிசியில் விருப்பப் பிரிவு உண்டு. மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் சான்றிதழ் வேண்டும். தஞ்சாவூர்ப் படம், பெல்ஜியம் கண்ணாடி, வெள்ளிக்குடம் எல்லாவற்றையும் பளிச்சென்று படம் எடுத்து, பட்டியல் போட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் பங்காளி ஒருவரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். ரொக்கம், கட்டித்தங்கம், பத்திரம், கையெழுத்துப் பிரதி இவை பொதுவாகச் சாமான் காப்பீட்டில் சேராது. ஐயாக்கள் எழுதிய கணக்கேட்டையும் ஓலைச்சுவடியையும் காப்பாற்ற வேண்டும் என்றால் ஸ்கேன் செய்து வைப்பது ஒன்றுதான் வழி. போரால் வரும் அழிவையும் வீட்டுப் பாலிசி ஏற்காது. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியின் கனம் புரியும்.

இவ்வளவையும் செய்யவிடாமல் தடுப்பது பணம் இல்லை. வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விதான். வீட்டுவரி இன்னும் பாட்டையா பெயரில் வருகிறது. பங்கு எட்டாகி, பதினாறாகி, இன்று கோலாலம்பூரிலும் கலிபோர்னியாவிலும் பங்குதாரர்கள் இருக்கிறார்கள். இறந்தவர் பெயரில் பாலிசி எடுக்க முடியாது. ஒரு புள்ளி மட்டும் தன் இரண்டு அறைக்குப் பாலிசி எடுத்தால் ஃபிளாட்டில் மூன்றாம் மாடிக்காரருக்கு நேர்ந்ததுதான் அவருக்கும்: கூரை பொது, தூண் பொது, பணம் வந்தாலும் பழுது பார்க்க முடியாது. பங்காளிகள் எல்லோர் பெயரையும் சேர்த்து, அவரவர் பங்கைக் குறிப்பிட்டு, ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்து, வீடு முழுமைக்கும் ஒரே பாலிசியாக எடுக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ்களை இப்போதே சேர்த்துவைத்தால் பிறகு அலைச்சல் இருக்காது.

தொகை போடும்போதும் ஒரு எச்சரிக்கை. சாதாரண சிமெண்ட் வீட்டுக்குப் போடும் சதுரஅடிச் செலவை வைத்து ஆத்தங்குடிக் கல் பதித்த, தேக்குத் தூண் நிறுத்திய வீட்டைக் கணக்கிட்டால், விழுந்த பகுதியை அதே மாதிரி எழுப்ப அந்தப் பணம் போதாது. இந்த வீடுகளில் வேலை செய்து பழகிய பொறியாளரிடம் மறுகட்டுமானச் செலவு மதிப்பீடு எழுதி வாங்கி, அதை விண்ணப்பத்தோடு இணைத்து, கம்பெனி ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். சினிமா படப்பிடிப்புக்கோ கல்யாணத்துக்கோ வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். ஹோட்டலாக நடத்தினால் அது குடியிருப்பே இல்லை. வீட்டுப் பாலிசி பொருந்தாது. மொத்த மதிப்பு 5 கோடிக்குள் என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 முதல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்று வணிக இடங்களுக்கு வேறு பாலிசிகள் இருக்கின்றன.

ஃபிளாட்டுக்குக் கடன் வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வங்கி ஏதோ ஒரு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிருக்கான பாலிசியாக இருக்கும், வீட்டுக்கு இருக்காது. வீட்டுக்கே என்றாலும் கடன் பாக்கி அளவுக்கு மட்டும் இருக்கலாம். பாலிசிப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்தக் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

க்ளெய்மில் கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் தனிநபர் பாலிசிதாரர் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முதலில் கம்பெனிக்கே எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் அங்கே மனுக் கொடுக்கலாம். 50 லட்சம் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்னோர்க்கு இடும் படைப்புக்கு எல்லாப் பங்காளிகளும் ஊருக்கு வருகிறீர்கள். வேறு எதற்கும் ஒன்றாகக் கூடாதவர்கள் அன்றைக்கு ஒரே வளவில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். அடுத்த படைப்பில், இலை எடுத்த பிறகு கலைந்து போவதற்கு முன்னால், வீட்டின் அளவும் பங்குதாரர் பட்டியலும் பொறியாளர் மதிப்பீடும் அடங்கிய ஒரு கோப்பை யார் பொறுப்பேற்பது என்று ஒருவர் பெயரைச் சொல்லி முடிவு செய்யுங்கள். சென்னைக்குத் திரும்பிப் போகும் பிள்ளைகள் அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், நம் கட்டடத்துக்குப் பாலிசி இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிவரை என்று மூன்று கேள்வி கேளுங்கள். இங்கேயே ஃபிளாட் பத்திரமோ பாலிசியோ கையில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம்.